ஊசியும் மந்திர ஆடையும்: நாடு நீங்கிய அரசகுலப் பெண்ணின் கதையில் கைத்தொழிலின் இடம்

கேள்வியும் அதன் எல்லையும்

அரசகுலத்தில் பிறந்த ஒரு பெண், தந்தையின் தகாத ஆசைக்கு அஞ்சியோ, மாற்றாந்தாயின் பகையாலோ, மாமியாரின் பொய்க் கடிதத்தாலோ நாட்டைவிட்டு நீங்கி, முன்பின் அறியாத ஊரில் பெயரை மறைத்துக்கொண்டு, கைவேலையால் வயிறு வளர்த்து, இடையில் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்றின் துணையையும் பெற்று, முடிவில் இழந்த நிலையை மீண்டும் அடைகிற கதை, ஐரோப்பிய இலக்கியத்தில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளிலிருந்து தொடர்ந்து கிடைக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பிலும், ஆண்டர்சனின் கதைகளிலும், இருபதாம் நூற்றாண்டின் மிகுபுனைவு நாவல்களிலும், இன்று ஜப்பானில் இணையத்தில் தொடராக எழுதப்படும் நாவல்களிலும் அது வெவ்வேறு வடிவங்களில் வருகிறது.

மந்திரமே அவளைக் காக்க வல்லது என்றால் கதைசொல்லி அவள் கையில் ஊசியைக் கொடுத்தது ஏன்? ஊசியே சோறு போடும் என்றால் மந்திரம் எதற்கு? இந்த இரட்டைக் கேள்விக்குத் தொன்மவியலாளர், நாட்டார் வழக்காற்றியலார், உளப்பகுப்பாய்வாளர், சமூக வரலாற்றாசிரியர், பெண்ணிய விமர்சகர் ஆகியோர் தந்த விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமலே கடந்து போகின்றன. அந்த விடைகளின் தோற்றத்தையும் குறைகளையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

தொன்மத்தின் எச்சமாகக் கண்டவர்கள்

முதல் விடை பத்தொன்பதாம் நூற்றாண்டினுடையது. யாக்கோப் கிரிம் 1835இல் வெளியிட்ட ஜெர்மானியத் தொன்மவியல் நூலில், நூற்பைக் கண்காணிக்கும் ஹோல்லே, பெர்க்டா போன்ற நாட்டார் உருவங்களைப் பழைய பெண் தெய்வங்களின் எச்சம் என்று கருதினார். கிரேக்கரின் விதிதேவதைகள் மனித ஆயுளை நூலாக நூற்று வெட்டுபவர்கள் என்பதும் இதனோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. இந்த நோக்கில், காட்டில் அமர்ந்து சட்டை தைக்கும் இளவரசி மனிதப் பெண்ணே அல்லள். மறைந்த தெய்வத்தின் மங்கிய நிழல். அவளுடைய தொழிலும் அவளுடைய மந்திரமும் அப்போது ஒன்றாகிவிடுகின்றன. மாக்ஸ் முல்லர் 1856இல் தொடங்கிவைத்த ஒப்பீட்டுத் தொன்மவியல் இதையும் தாண்டி, கதைமாந்தரைக் கதிரவன், விடியல் ஆகியவற்றின் உருவகங்களாக விளக்கியது. அந்த முறையை ஆண்ட்ரூ லாங் கடுமையாக மறுத்தார்.

இவ்விடையின் பெருங்குறை சான்றுகளின் காலவரிசையில் இருக்கிறது. அன்னமாக மாறிய சகோதரர்களைச் சட்டை தைத்து மீட்கும் சகோதரியின் கதை, நூற்புத் தெய்வக் கொள்கைக்கு மிகவும் உகந்தது. ஆனால் அன்னக் குழந்தைகள் கதையின் பழமையான எழுத்து வடிவமாகிய, லொரேன் பகுதித் துறவி ஒருவர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி இலத்தீனில் எழுதிய ‘தோலோபாதோஸ்’ நூலில், சட்டையே இல்லை. பொற்சங்கிலிகள்தாம் உருமாற்றத்தை நிகழ்த்துகின்றன, சகோதரி அரண்மனை வாயிலில் இரந்து பெற்ற ரொட்டியைச் சகோதரர்களோடு பகிர்கிறாள். பசீலேயின் நேப்பிள்ஸ் தொகுப்பில் (1634–36) உள்ள ஏழு புறாக்களின் கதையிலும் சகோதரி தைப்பதில்லை. எழுதப்படாத வாய்மொழி வடிவங்கள் இருந்திருக்கலாம் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் தையல்தான் கதையின் ஆதிக் கரு என்று சொல்ல, கிடைத்துள்ள சான்றுகள் இடம் தரவில்லை.

வகைப்பட்டியலும் கதை அமைப்பும்

இரண்டாவது மரபு பொருளைத் தேடாமல் வடிவத்தைத் தேடியது. மரியன் ரோல்ஃப் காக்ஸ் 1893இல் சிண்ட்ரெல்லா கதையையும் அதன் உறவுக் கதைகளையும் சேர்த்து 345 வடிவங்களைத் தொகுத்தார். தந்தையிடமிருந்து தப்பி விலங்குத் தோலைப் போர்த்துக்கொண்டு சமையலறையில் வேலை செய்யும் இளவரசியின் கதைகள் அவற்றுள் ஒரு பெரும் பிரிவு. பின்லாந்தின் அந்தி ஆர்ன் 1910இல் தொடங்கி, அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் விரித்து, ஹான்ஸ்–யோர்க் ஊதர் 2004இல் திருத்தியமைத்த பன்னாட்டுக் கதைவகைப் பட்டியலில், இக்கட்டுரைக்குரிய கதைகள் பெரும்பாலும் மூன்று எண்களின் கீழ் வருகின்றன: கையிழந்த கன்னி (706), தோல் போர்த்திய இளவரசி (510பி), சகோதரர்களை மீட்கும் கன்னி (451).

இப்பட்டியல் இல்லாமல் எந்த ஒப்பீடும் தொடங்க முடியாது. ஆனால் அது நிகழ்ச்சிகளை எண்ணுகிறது; நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணுவதில்லை. நாயகி விரட்டப்படுவதும் அடையாளம் காணப்படுவதும் பட்டியலில் இடம்பெறும். அவ்விரண்டுக்கும் நடுவே அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்பது, சட்டை தைப்பதுபோலக் கதையின் முடிச்சாகவே அமைந்தாலொழிய, பட்டியலின் பார்வைக்குள் வருவதில்லை. விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட அற்புதக் கதை அமைப்பு பற்றிய நூலும் இதே இடத்தில் தடுமாறுகிறது. கதையை முன்னே நகர்த்தும் செயல்களைப் ‘பணிகள்’ என்று அழைத்து அவை 31 என்று வரையறுத்த பிராப், தேடிச் செல்லும் நாயகர், துன்புறும் நாயகர் என்ற பயனுள்ள பிரிவைத் தந்தார். ஆனால் கூலிக்குச் செய்த பூவேலை எந்தப் பணியில் அடங்கும்? அது யாரும் வைத்த சோதனை அன்று. யாரையும் தோற்கடிக்கவும் இல்லை. வெறுமனே நாளை நகர்த்துகிறது. டென்மார்க்கின் பெங்ட் ஹோல்பெக் 1987இல் பிராப்பின் முறையைக் கதைசொன்னவர்களின் வாழ்நிலையோடு இணைக்க முயன்று, ஆண்கள் சொல்லும் கதைகளையும் பெண்கள் சொல்லும் கதைகளையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்று காட்டியது, இந்த மரபுக்குள்ளிருந்தே எழுந்த நல்ல திருத்தம்.

கை உள்ளவளும் கை இழந்தவளும்

உளப்பகுப்பாய்வு தந்த விடை மிகவும் பரவலாக அறியப்பட்டது. புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் எழுதிய நூலும், யுங் மரபைச் சேர்ந்த மரி–லூயிஸ் ஃபொன் ஃபிரான்ஸின் எழுத்துகளும், நாடு நீங்குதலைப் பெற்றோரிடமிருந்து பிரிந்து வளரும் மனத்தின் பயணமாகவும், காட்டில் கழியும் ஆண்டுகளை உள்முகமான ஆறுதலுக்குரிய காலமாகவும் வாசித்தன. தந்தை–மகள் உறவின் அச்சம் இக்கதைகளில் வெளிப்படையாகவே பேசப்படுவதால், இந்த வாசிப்புக்கு வலுவான பிடிமானம் உண்டு.

அதன் பலவீனத்தையும் கையிழந்த கன்னியின் கதையே காட்டிக்கொடுக்கிறது. பிலிப் த ரெமி பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய ‘லா மானெகீன்’ என்ற பிரெஞ்சுச் செய்யுட்கதையில், ஹங்கேரி அரசன் மகள் ஜோயி, தந்தையின் விருப்பத்துக்குத் தான் தகுதியற்றவளாகும் பொருட்டுத் தன் இடக்கையைத் தானே வெட்டி ஆற்றில் எறிகிறாள். ஒரு மீனின் வயிற்றிலிருந்து கிடைக்கும் அந்தக் கை, உரோமில் அற்புதத்தால் அவளுடன் மீண்டும் பொருந்துகிறது. கிரிம் தொகுப்பின் கையிழந்த பெண்ணுக்குக் காட்டிலுள்ள வீட்டில் ஏழாண்டுகள் தேவதூதர் உணவளிக்கிறார். இவ்விரு கதைகளிலும் நாயகி எந்தத் தொழிலும் செய்வதில்லை, செய்யவும் முடியாது. அதேபோல விரட்டப்பட்டு, ஆனால் கைகள் முழுமையாக உள்ள நாயகியருக்கு, பிரெஞ்சு மரபின் பல கதைகள் ஊசியைத் தருகின்றன. கை போனபோது வானுலகம் ஊட்டுகிறது. கை இருக்கும்போது நாயகி தானே ஈட்டுகிறாள். எல்லா வடிவங்களும் இந்த விதிக்கு அடங்கும் என்று சொல்ல முடியாது. சாசரின் கான்ஸ்டன்ஸ் கைகள் இருந்தும் எதையும் தைக்காமல், கடலில் ஆண்டுக்கணக்கில் இறையருளால் மட்டுமே உயிர் வாழ்கிறாள். ஆனால் கையை வெறும் உளக்குறியீடாகக் கொள்ளும் வாசிப்பு, கை என்பது வேலை செய்யும் உறுப்பு என்ற எளிய உண்மையைத் தவறவிடுகிறது.

சந்தை உள்ள ஊர்கள்

சமூக வரலாற்று மரபின் பங்களிப்பு இங்கேதான் தொடங்குகிறது. இக்கட்டுரையின் நோக்கில் மிகவும் வளமான பகுதியும் இதுவே. நாட்டார் கதைகளின் பசியும் மாற்றாந்தாயும் குறியீடுகள் அல்ல, உழவர் வாழ்வின் நடப்புகள் என்று ராபர்ட் டார்ன்டன் 1984இல் வாதிட்டார். ஜேன் ஷ்னைடர் 1989இல், ரும்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையைச் சணல்நூல் வணிகம் பெருகி, நூற்கும் பெண்கள்மேல் சுமை கூடிய காலத்தோடு பொருத்திக் காட்டினார். ஜாக் ஸைப்ஸ் அதே கதையில் பெண்களின் உற்பத்தித் திறன் மதிப்பிழந்த வரலாற்றைக் கண்டார். அவர்கள் விவாதிக்கும் கதையின் 1810ஆம் ஆண்டுக் கையெழுத்து வடிவில், பெண்ணுக்குச் சணலைச் சாதாரண நூலாக நூற்க வரவில்லை, எப்போதும் பொன்னிழையே வருகிறது என்பதுதான் அவளுடைய துயரம். அச்சான வடிவிலோ வைக்கோலைப் பொன்னாக்கத் தெரியாதது துயரமாகிறது. இரண்டே ஆண்டுகளில் தொழிலுக்கும் மந்திரத்துக்கும் உள்ள உறவு தலைகீழாகிவிட்டதை இந்த மாற்றம் காட்டுகிறது.

நாடு நீங்கிய உயர்குலப் பெண்ணைப் பொறுத்தவரை, இந்த மரபுக்கு உரிய முதன்மைச் சான்றுகள் நாட்டார் கதைகளைவிட முந்தியவை: ‘ரொமான்ஸ்’ எனப்படும் பழைய பிரெஞ்சுச் செய்யுட்கதைகள். ஜான் ரெனார் 1200ஐ ஒட்டி எழுதிய ‘லெஸ்கூஃபில்’ கதையில், உரோமப் பேரரசனின் மகள் ஏலிஸ், காதலனோடு ஓடிவந்து அவனைப் பிரிந்தபின், இசபெல் என்ற தோழியுடன் மோன்பெலியே நகரில் குடியேறி, பூத்தையல் வேலை செய்தும் உயர்குடியினரின் தலையை அலசிவிட்டும் பொருள் ஈட்டுகிறாள். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் ‘காலரான்’ கதையில், மடத்தில் வளர்ந்த ஃபிரேன் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ரூவான் நகரில் ஊசி வேலையால் பிழைக்கிறாள். 1316இல் அரச அலுவலக எழுத்தரான ஜான் மையார் எழுதிய ‘அன்ஜூ பிரபுவின் கதை’யில், தந்தையிடமிருந்து செவிலியோடு தப்பிய பிரபு மகள், முதலில் ஓர் ஏழைக் கிழவியின் முரட்டு ரொட்டியைக் கடிக்க முடியாமல் பழைய விருந்துகளை நினைத்து வருந்துகிறாள், பிறகு ஒர்லேயான் நகரில் பட்டும் பொன்னிழையும் கொண்டு தைத்து விற்று வாழ்கிறாள், அதன்பின் ஒரு கோட்டைத் தலைவரின் மகள்களுக்கு அந்த வேலையையே கற்பிக்கிறாள்.

இம்மூன்று கதைகளிலும் மாயம் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. மையார் தம் கதை உண்மையாக நடந்தது என்றே முன்னுரையில் சொல்கிறார். ஊரின் பெயர், வேலையின் பெயர், வாங்குபவர் யார் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிற கதைகளில் மந்திரம் ஒதுங்கிக்கொள்வது தற்செயல் என்று தோன்றவில்லை. இவ்வேலைகள் கவிஞர்களின் கற்பனையும் அல்ல: பாரிசின் அரச அதிகாரி எத்தியென் புவாலோ 1268 அளவில் தொகுத்த தொழில் விதிகளில், பெரிய கதிரில் பட்டு நூற்கும் பெண்களுக்கும் சிறிய கதிரில் நூற்கும் பெண்களுக்கும் தனித்தனியே கைவினைச் சங்கங்கள் இருந்தமை பதிவாகியுள்ளது. ஈ. ஜேன் பர்ன்ஸ் 2009இல் வெளியிட்ட நூல், இத்தகைய நாயகியரை மத்தியதரைக் கடல் பட்டு வணிகத்தின் வரைபடத்தில் வைத்துப் படித்தது இந்த மரபின் சிறந்த சாதனைகளுள் ஒன்று.

இதே மரபில் இன்னொரு படமும் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் மேற்கண்ட மூன்றையும் மட்டும் பேசுவது நேர்மையாகாது. கிரெத்தியென் த துரூவா 1180ஐ ஒட்டி எழுதிய ‘ஈவேன்’ கதையில், தொலைதூரத் தீவு ஒன்றிலிருந்து திறைப்பொருளாக அனுப்பப்பட்ட 300 கன்னியர், ஒரு கோட்டையில் அடைக்கப்பட்டுப் பட்டும் பொன்னிழையும் நெய்கிறார்கள். உழைப்பின் மதிப்பில் ஒரு லிவ்ருக்கு நான்கு தெனியே மட்டுமே தங்களுக்குக் கிடைக்கிறது என்று அவர்கள் முறையிடுகிறார்கள். ஒரு லிவ்ர் என்பது 240 தெனியே. பட்டு நெய்யும் அவர்கள் கந்தல் உடுத்துகிறார்கள். அவர்களைக் காவல் காப்பவர்கள் பேயின் பிள்ளைகள். இங்கே மந்திர ஆற்றல் முழுவதும் முதலாளியின் பக்கம் நிற்கிறது. நாயகி ஒருத்தியின் தொழில் அவளுக்கு மதிப்பைத் தருகிறபோது, பெயரற்ற முந்நூறு பேரின் தொழில் அவர்களைத் தேய்க்கிறது என்பதை இக்கதைகளைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் காண முடிகிறது. ஊசி எல்லாப் பெண்களையும் காத்தது என்ற முடிவுக்கு வருபவர்கள் இந்தக் கோட்டையைக் கடந்தே போக வேண்டும்.

சமூக வரலாற்று விடையின் குறை, கதையைச் சொன்னவர் யார் என்ற கேள்வியில் வெளிப்படுகிறது. மையார் அரசவையைச் சார்ந்தவர். கிரிமுக்கு ‘ஆறு அன்னங்கள்’ கதையைச் சொன்ன டோர்ட்ஷென் வில்ட், காசல் நகர மருந்துக் கடைக்காரரின் மகள். பின்னாளில் வில்ஹெல்ம் கிரிமின் மனைவி. கூலிக்கு நூற்ற பெண்களின் குரல் இக்கதைகளில் நேரே ஒலிக்கிறது என்று கொள்வதற்கு இவ்விவரங்கள் தடையாகின்றன. வறியவர் உயரும் கதையையும் உயர்ந்தவர் வீழ்ந்து மீளும் கதையையும் வேறுபடுத்த வேண்டும் என்று ரூத் பாட்டிக்ஹைமர் வலியுறுத்தினார். அற்புதக் கதைகள் எழுத்திலேயே பிறந்தவை என்ற அவருடைய பொதுக் கருத்தை வழக்காற்றியலார் பலர் ஏற்கவில்லை என்றாலும், இந்த வேறுபாடு பயனுள்ளது. மீட்சிக் கதையில் தொழில் என்பது தற்காலிக வேடம். மணிமுடி திரும்பியதும் ஊசி கீழே வைக்கப்படுகிறது.

எமாரேயின் ஆடை

மந்திரமும் தொழிலும் ஒரே கதையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் காண ‘எமாரே’ என்ற ஆங்கிலச் செய்யுட்கதை உதவும். 1400ஐ ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் இக்கதை, இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ஒரே ஒரு கையெழுத்துப் படியில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. பேரரசன் ஆர்த்தியுஸ் தன் மகள் எமாரேயை மணக்க விரும்புகிறான்; அவள் மறுத்ததால், விலைமதிப்பற்ற ஓர் ஆடையை உடுத்திய கோலத்தில் அவளைத் தனியே படகில் ஏற்றிக் கடலில் விடுகிறான். கரை சேர்ந்த இடத்தில் அவள் எகாரே என்று பெயரை மாற்றிக்கொண்டு, அரசனின் அலுவலர் வீட்டில் பட்டுத் தையலைக் கற்பித்து வாழ்கிறாள். அரசன் அவளை மணக்கிறான். மாமியாரின் பொய்க் கடிதத்தால் குழந்தையோடு மீண்டும் கடலில் விடப்பட்டு, உரோமில் ஒரு வணிகர் வீட்டில் அடைக்கலம் பெறுகிறாள்.

அந்த ஆடையை ஓர் அமீரின் மகள் ஏழாண்டுகள் உழைத்துத் தன் காதலனுக்காகச் செய்தாள் என்று கதை சொல்கிறது. அதன் மூலைகளில் திரிஸ்தான், இசோல்த் முதலிய காதலர் இணைகளின் உருவங்கள் இழைக்கப்பட்டுள்ளன. ஆடை ஒளிர்கிறது. அதைக் கண்ட தந்தை மதி மயங்குகிறான், அலுவலர் அஞ்சுகிறார், மாமியார் அணிந்திருப்பவளைப் பேய் என்கிறாள். ஆய்வாளருள் சிலர் ஆடையைக் காதல் மாயம் என்கிறார்கள். சிலர் எமாரேயின் அகமேன்மையின் புறவடிவம் என்கிறார்கள். வேறு சிலர் கீழைநாட்டிலிருந்து கைமாறி வந்த வணிகப் பொருள் என்கிறார்கள். மூன்றுக்கும் கதையில் இடமுண்டு. ஆனால் ஆடைக்கும் தையலுக்கும் உள்ள முரண்பாட்டுக்கே கூடுதல் கவனம் தேவை. ஆடை எங்கே தென்பட்டாலும் அங்கே ஆசையும் அச்சமும் எழுகின்றன. அவள் கற்பிக்கும் தையலோ யாரையும் அச்சுறுத்தவில்லை, அவளுக்கு ஒரு வீட்டில் மதிப்பான இடத்தைத் தருகிறது. ஆடை வேறொரு பெண்ணின் உழைப்பு, தையல் அவளுடையது. கடலைக் கடக்கும்போது தொழிலுக்கு வேலையில்லை, இறையருளே துணை. வீட்டுக்குள் வந்தபின் தொழில்தான் பேசுகிறது. ஆக, மந்திரம் அவளை எல்லை கடத்துகிறது, தொழில் அவளைக் குடியமர்த்துகிறது என்ற பங்கீட்டை இக்கதை முன்வைப்பதாகக் கொள்ளலாம்.

மௌனத்தில் நடக்கும் வேலை

பெண்ணிய விமர்சனம் இதே பொருளை வேறொரு முனையிலிருந்து அணுகியது. கேரன் ரோ 1986இல், நாக்கு அறுக்கப்பட்டபின் தனக்கு நேர்ந்த கொடுமையைத் துணியில் நெய்து தமக்கைக்கு அனுப்பிய கிரேக்கத் தொன்மத்தின் ஃபிலோமெலாவை முன்மாதிரியாகக் கொண்டு, நூற்பும் கதைசொல்லலும் பெண்களின் மொழி என்று வாதிட்டார். ரோஸிகா பார்க்கர் 1984இல், பூத்தையல் பெண்ணை அடக்கத்துக்குப் பழக்கிய கருவியாகவும், அதே அடக்கத்தை மீறும் வழியாகவும் இருந்ததை வரலாற்றுச் சான்றுகளோடு காட்டினார். மரீனா வார்னர் 1994இல் கதைசொன்ன பெண்களின் வரலாற்றை விரிவாக எழுதினார்.

இவற்றுள் பார்க்கரின் நிலைப்பாடே ‘ஆறு அன்னங்கள்’ கதைக்கு நன்றாகப் பொருந்துகிறது. அங்கே அரசன் மகள் ஆறு ஆண்டுகள் பேசாமலும் சிரிக்காமலும் இருந்து, விண்மீன் பூக்களால் ஆறு சட்டைகள் தைக்க வேண்டும். ஆண்டர்சன் 1838இல் இதை மாற்றி எழுதியபோது, பூக்களுக்குப் பதிலாகக் காஞ்சொறிச் செடியை வைத்தார். அவர் கதையின் நாயகி எலிசாவின் கைகள் கொப்புளிக்கின்றன, இரவில் அவள் கல்லறைத் தோட்டத்தில் செடி பறிப்பதைக் கண்டு சூனியக்காரி என்று குற்றம் சாட்டுகிறார்கள், எரிப்பதற்கு அழைத்துச் செல்லும் வண்டியிலும் அவள் தைப்பதை நிறுத்தவில்லை. மொழி இல்லாதபோது துணியே மொழி என்ற ரோவின் கருத்து இங்கே ஓரளவுக்கே செல்லும்: ஃபிலோமெலாவின் துணி செய்தியைச் சொல்கிறது, எலிசாவின் சட்டை எதையும் சொல்வதில்லை. தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சொல் பேசினாலும் சகோதரர் மடிவர் என்பதால், அவளுடைய உழைப்பே அவளைக் குற்றவாளியாகக் காட்டுகிறது. மேலும், முழுவதும் பிறருக்காகச் செய்யப்படும் இந்த வேலையைப் பெண் விடுதலையின் வடிவமாகக் கொள்வது கடினம். கடைசிச் சட்டையில் ஒரு கை முடிவடையாமல் போக, இளைய சகோதரனுக்கு ஓர் அன்னச் சிறகு எஞ்சுகிறது. ஜூலியட் மரிலியர் 1999இல் இதே கதையைப் பழைய அயர்லாந்தில் அமைத்து நாவலாக்கியபோது, நாயகியின் சிதைந்த விரல்களை நீண்ட பக்கங்களில் எழுதியது, முந்தைய வடிவங்கள் ஒரு வரியில் கடந்த உடல்வலிக்கு இடம் தந்தது.

சைரந்திரி

இந்திய மரபில் இக்கேள்விக்கு மகாபாரதம் தெளிவான ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. விராட நகரில் ஓராண்டு மறைந்து வாழ வேண்டிய திரௌபதி, அரசியரின் கூந்தலை முடித்து, சாந்து அரைத்து, மாலை தொடுக்கும் சைரந்திரியாக, தமிழ் மரபில் வண்ணமகள் எனப்படும் பணியாளாக, சுதேஷ்ணையிடம் வேலைக்குச் சேர்கிறாள். எச்சில் உணவைத் தரக்கூடாது, கால் கழுவச் சொல்லக்கூடாது என்று அவள் நிபந்தனை விதிக்கிறாள். கந்தர்வர் ஐவர் தன்னைக் காக்கிறார்கள் என்றும் சொல்லி வைக்கிறாள். வனபருவத்தில் தமயந்தியும் சேதி நாட்டு அரசத்தாயிடம் இதே பணியை, ஏறத்தாழ இதே நிபந்தனைகளோடு ஏற்கிறாள். அதற்கு முன் காட்டில் தன்னை நெருங்கிய வேடனை அவள் வீழ்த்தியது சாபத்தால். நகரில் அவளுக்கு இடம் பெற்றுத் தந்தது கைத்திறன். நளவெண்பா வழியாகத் தமிழ் வாசகர் நன்கறிந்த இக்கதையிலும், எமாரே கதையில் கண்ட பங்கீடு தென்படுகிறது.

மோன்பெலியேயின் ஏலிஸும் விராட நகரின் திரௌபதியும் தலைமுடிப் பணியாலேயே உயர்குடி வீடுகளுக்குள் நுழைகிறார்கள் என்ற ஒற்றுமையிலிருந்து கதைத் தொடர்பு எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அந்தப்புரத்துக்குள் அயல்பெண் நுழைய உதவும் தொழில்கள் எங்கும் சிலவே என்பது போதுமான விளக்கம். ஆனால் திரௌபதியின் நிபந்தனைகள் ஐரோப்பியக் கதைகளில் அழுத்தம் பெறாத ஒன்றை முன்னிறுத்துகின்றன: எந்த வேலையைச் செய்வாள் என்பதைவிட எதைச் செய்யமாட்டாள் என்பதே அவளுடைய குலத்தை உணர்த்துகிறது. அந்தக் கௌரவத்தின் எல்லைக்கோடு, அவ்வேலைகளைப் பிறப்பால் செய்ய விதிக்கப்பட்ட பெண்களை வெளியே நிறுத்தியே வரையப்படுகிறது. அவளை இச்சித்துத் துன்புறுத்திய கீசகனின் நிகழ்ச்சியோ, தொழில் தந்த பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதையும் காட்டுகிறது.

இன்றைய மிகுபுனைவு

ஜப்பானில் 2004இல் தொடங்கப்பட்ட ‘ஷோசெட்சுகா நி நாரோ’ என்ற இணையத் தளத்தில் வளர்ந்த நாவல் வகைகளில், வில்லியாகச் சித்திரிக்கப்பட்ட பிரபு குல மகள் ஒருத்தி, அவையறிய நிச்சயதார்த்தம் முறிக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, தொலைவான ஊரில் மருந்தோ கருவியோ செய்து புதுவாழ்வு தொடங்குவது பழகிப்போன கதைப்போக்கு. இவற்றை அடுத்துள்ள கதைகளிலும் கைத்தொழிலே மையம். ஹிசயா அமகிஷியின் டாலியா கதைகளில், நிச்சயதார்த்தம் முறிந்தபின் நாயகி மந்திரக் கருவிகள் செய்யும் தொழிலில் நிலைபெறுகிறாள். மியா கசுகியின் ‘புத்தகப் புழுவின் எழுச்சி’யில் (இணையத்தில் 2013–2017), மறுபிறவி எடுத்த சிறுமி காகிதம் செய்யத் தொடங்கி அச்சுக்கலை வரை செல்கிறாள்.

இந்தப் போக்குக்கு இரு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, அலுவலக வேலையில் சோர்ந்த வாசகருக்கு, தன் உழைப்பின் பலனைத் தானே காணும் வேலை ஆறுதல் தருகிறது என்பது. மற்றொன்று, கணினி விளையாட்டுகளில் பொருள்களைச் சேர்த்துப் புதுப்பொருள் செய்யும் விதிமுறை (1997இல் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ முதலியவற்றில் தையலும் கொல்வேலையும் திறன்களாக இருந்தன) கதையாகப் பெயர்ந்தது என்பது. முதல் விளக்கம் எல்லாத் தப்பித்தல் இலக்கியத்துக்கும் பொருந்தும் என்பதால் இந்த வகைக்கென எதையும் தனியே விளக்குவதில்லை. இரண்டாவது, விளையாட்டே ஏற்கெனவே மிகுபுனைவிலிருந்து கடன் வாங்கியது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

மாற்றம் உண்மையில் இரு இடங்களில் நிகழ்ந்திருக்கிறது. பழைய கதைகளில் தனித்தனியே நின்ற மந்திரமும் தொழிலும் இங்கே ஒன்றாகிவிட்டன: மந்திரத்துக்கு அளவும் மூலப்பொருளும் செய்முறையும் தோல்வியும் உண்டு, எனவே அதைக் கற்கலாம், விலை வைத்து விற்கலாம். இரண்டாவதாக, நாயகி தொழிலைக் கைவிடுவதில்லை. அன்ஜூ பிரபுவின் மகளுக்கு ஊசி ஓர் இடைக்கால அடைக்கலம். டாலியாவுக்குப் பட்டறைதான் வாழ்க்கை. இலக்கியத் தகுதியில் இந்நாவல்கள் ஏற்றத்தாழ்வானவை என்றாலும், நூற்றாண்டுகளாக மீட்சியோடு முடிந்த ஒரு கதைக்கு வேறொரு முடிவைத் தந்த அளவில் இவை ஆய்வுக்குரியவை.

தீராதவை

சான்றுகள் அனுமதிக்கும் அளவில் சில முடிவுகளுக்கு வரலாம். கைத்தொழிலைத் தெய்வ நூற்பின் எச்சமாக மட்டும் விளக்குவது இனி ஏற்புடையதன்று. அதை உளக்குறியீடாக மட்டும் விளக்குவது, புவாலோவின் விதிநூல் காட்டும் உழைக்கும் பெண்களின் உலகத்தைப் புறக்கணிக்கிறது. கதையில் சந்தை தெளிவாகும்போது மந்திரம் குறைகிறது என்ற கருத்து, பிரெஞ்சுச் செய்யுட்கதைகளுக்கு நன்றாகவும், கிரிம் கதைகளுக்கு ஓரளவுக்கும் பொருந்துகிறது. சந்தையும் மந்திரமும் கைகோக்கும் இன்றைய நாவல்களுக்கு அது பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

வாய்மொழியில் சொன்ன உழைக்கும் பெண்கள் நாயகியின் தொழிலைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார்கள், எதைத் தொகுப்பாளர்கள் சுருக்கினார்கள் என்பதும் திறந்த கேள்வியே. நிகழ்ச்சிகளை மட்டும் எண்ணும் வகைப்பட்டியலால் இதற்கு விடை தர முடியாது. நாயகி செய்த வேலை, பயன்படுத்திய கருவி, பெற்ற கூலி, வேலை கற்றுக்கொண்ட இடம், வேலையை விட்ட தருணம் ஆகியவற்றைக் கதைதோறும் குறித்து அடுக்கும் பொறுமையான பணி தேவைப்படுகிறது. இந்திய மொழிகளின் வாய்மொழிக் கதைகளைத் தொகுப்பவர்கள், கதைச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், சொன்னவரின் தொழிலையும் கதைக்குள் வரும் தொழிலையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.